வெங்காயத்துக்கு மூன்று நாள், பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரியா?

என் பழைய மாணவர்களுக்கும் நம் குடும்பத்து உறவுகளுக்கும் இந்தப் பதிவு. இது நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. உங்களில் பல பேர் இன்று கல்லூரிகளில் தாவரவியலும் விலங்கியலும் நடத்துகிறீர்கள். இன்னும் பல பேர் வீட்டில் பிள்ளைகள் இந்த வருடம்தான் முதல் ஆண்டு சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் இரு தரப்புக்கும் சொல்ல வேண்டியது இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

பெசன்ட் நகரில் எங்கள் வீட்டுக்கு ரொம்ப வருடமாக மீன் கொண்டுவருகிற அம்மா ஒருவர் இருக்கிறார். பக்கத்துக் குப்பத்துக்காரர். அவருடைய மகள் இந்த வருடம் நகரத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தாள். அரசுப் பள்ளி, தமிழ் வழி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஏன்மா விலங்கியல் எடுத்தே என்று கேட்டேன். "ஆமைதான் மேடம்" என்றாள். எலியட்ஸ் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். இத்தனை வருட வேலையில், மார்க் கிடைக்கவில்லை அதனால் வந்தேன் என்று சொல்லாமல் இப்படி ஒரு காரணம் சொன்ன பிள்ளைகள் எனக்கு மிகக் குறைவு.

போன மாதம் மழை. மழை லீவில் இரண்டாவது இன்டர்னல் டெஸ்ட் தள்ளிப்போனது. தேதி பிறகு சொல்கிறோம் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு 10.50க்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. மழை லீவுக்கு ஈடாக நாளை சனிக்கிழமை வேலை நாள், காலை 9 மணிக்கு செல் பயாலஜி டெஸ்ட், முதல் மூன்று யூனிட். இவள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்ஃபோன். நாலு நாள் எச்சரிக்கைக்குப் பிறகு அன்றைக்குத்தான் கடலுக்குப் போக விட்டார்கள். அப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செய்தி வந்தபோது அந்த ஃபோன் கடலில் இருந்தது.

திங்கட்கிழமை போனபோது மார்க் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே பூஜ்யம். மறு டெஸ்ட் கிடையாது. "எனக்குத் தெரியாது மேடம்" என்றிருக்கிறாள். "குரூப்லதான் போட்டோமே, தெரிஞ்சு வெச்சிருக்கணும்" என்று பதில்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. அவள் அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டது இது: "அவ பெயிலாயிட்டாளாம்மா. தி.நகர்ல ஜவுளிக்கடைல ஆள் எடுக்கிறாங்களாம். அனுப்பிரட்டுமா?"

பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். இன்டர்னலில் ஒரு டெஸ்ட் போனால் பேப்பரே போச்சு, ஒரு வருடம் வீண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கல்லூரியின் விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 75ல் 30 எடுக்க வேண்டும். இன்டர்னலுக்கென்று தனியாக பாஸ் மார்க் கிடையாது. ஒரு டெஸ்ட் போனால் நஷ்டம் சில மார்க். வருடம் ஒன்றும் போகாது. ஜூலையிலிருந்து நவம்பர் வரை இதை அவளுக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜவுளிக்கடைப் பேச்சே வந்திருக்காது.

நம் குடும்பக் குரூப்பில் இதைச் சொன்னபோது வந்த பதில்களையும் எழுதிவிடுகிறேன். "ரீல்ஸ் பார்க்க ஃபோன் இருக்கு, நோட்டீஸ் பார்க்க இல்லையா அத்தை?" என்று ஒருவன். "காலேஜ் என்ன எல்கேஜியா, ஊட்டி விடறதுக்கு?" என்று இன்னொருத்தி. கல்லூரியில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தி தனியாக எழுதினாள்: "மேடம், எங்களுக்கு இருக்கிற வேலைக்கு நடுவில் எத்தனை தடவைதான் சொல்வது?" மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். என்ன படிக்கப் போகிறோம், எப்போது சோதிப்போம், எப்படி மார்க் போடுவோம், நீ இப்போது எங்கே நிற்கிறாய் என்று மாணவருக்குத் தெரியப்படுத்துவது ஆபீஸ் வேலை இல்லை, சலுகையும் இல்லை. அது பாடம் நடத்துவதன் ஒரு பகுதி. அதைச் செய்யாதவர் பாடத்தையும் பாதிதான் நடத்தியிருக்கிறார்.

உயிரியல் நடத்துகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. முதல் ஆண்டு செய்முறையில் வெங்காய வேர் நுனியில் செல் பகுப்பு பார்க்கிறோமே, ஞாபகம் இருக்கிறதா? காலை பத்து மணிக்கு வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்தால் ஒன்றும் நடக்காது. மூன்று நாலு நாள் முன்பே அதன் அடிப்பாகம் தண்ணீரில் படும்படி வைக்க வேண்டும். வேர் ஒரு சென்டிமீட்டராவது வளர வேண்டும். நுனியைக் காலையில் வெட்டி, அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் போட்டு, பிறகு சாயம் ஏற்றினால்தான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும். லேப் அசிஸ்டென்ட்டிடம் முன்கூட்டிச் சொல்லாமல் எந்த ஆசிரியரும் அந்த வகுப்பை எடுக்க மாட்டார். வெங்காயத்துக்கு மூன்று நாள் அவகாசம் கொடுக்கிறோம். அதே செல் பகுப்பைப் பற்றி டெஸ்ட் எழுத வேண்டிய பிள்ளைக்கு ஒரு ராத்திரி கொடுக்கிறோம். அதுவும் ஃபோன் கரையில் இருந்தால்.

"கல்லூரி பள்ளிக்கூடம் இல்லை, அவர்களே தெரிந்துகொள்ள வேண்டும்" என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாடத்தை அவர்களே தெரிந்துகொள்ள வேண்டும், சரி. நூலகத்துக்குப் போகட்டும், புரட்டட்டும், திணறட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், நான் நோட்ஸ் கொடுத்தவள் இல்லை. ஆனால் டெஸ்ட் தேதியைத் தேடிக் கண்டுபிடிப்பதால் யாருக்கும் அறிவு வளராது. அது ஒரு திறமையாகவே இருந்தாலும், யாருக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று பாருங்கள். அப்பா அம்மா பட்டதாரி, அக்கா அதே கல்லூரியில் படித்தவள், சீனியர்களில் இரண்டு பேர் பள்ளித் தோழிகள் என்றால் எல்லாச் செய்தியும் தானாக வந்து சேரும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு "அரியர்" என்றால் என்ன, "கண்டோனேஷன்" என்றால் என்ன, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. சொல்லாமல் விடுவது எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. ஏற்கெனவே பின்னால் நிற்கிறவளைத்தான் அது இன்னும் பின்னால் தள்ளுகிறது.

இது என் அனுமானம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அறிமுக உயிரியல் பாடத்தை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட் ஃப்ரீமன் என்ற ஆசிரியரும் அவருடைய குழுவினரும் வெறும் விரிவுரையாக இருந்த வகுப்பைச் சிறு சிறு படிகளாக மாற்றினார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் என்ன படித்து வர வேண்டும், வாரா வாரம் பயிற்சித் தேர்வு, உடனுக்குடன் விடை என்று எல்லாம் முன்பே வகுக்கப்பட்டது. அவர்கள் செய்தது வெறும் அறிவிப்பு இல்லை, பயிற்சியும் அதில் சேர்த்தி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு, மாணவருக்கு ஒவ்வொரு வாரமும் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருப்பதுதான். 2011ல் சயின்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. 2014ல் வெளியான ஆய்வின்படி, வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி செய்து பார்த்தபோது, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்கள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று நாம் சொல்கிறோமே, அதே பிள்ளைகள்தான்.

அமெரிக்கா வரைக்கும் போவானேன் என்கிறீர்களா? உள்ளூருக்கே வருகிறேன். மயிலாப்பூரில் பங்குனி உற்சவத்துக்குப் பத்திரிகை அடிக்கிறார்கள். அதிகார நந்தி மூன்றாம் நாள், அறுபத்துமூவர் எட்டாம் நாள், எந்த வாகனம் எத்தனை மணிக்கு என்று வயதான பாட்டிக்கும் தெரியும். நம் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருநாள். நடந்தே வருகிறவர்கள் அதற்கேற்பக் கிளம்புகிறார்கள். இதோ மார்கழி வருகிறது. எந்த சபாவில் எத்தனை மணிக்கு யார் பாடுகிறார்கள் என்பதோடு எந்த சபாவில் யார் கேன்டீன் என்பதும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காகச் செய்தி சொல்லத் தெரிந்த ஊரில், ஒரு செல் பயாலஜி டெஸ்ட் மட்டும் ஏன் நடுராத்திரி ரகசியமாக இருக்க வேண்டும்?

"எங்களுக்கு வேலை அதிகம்" என்ற அடுத்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. கௌரவ விரிவுரையாளர்களாக, குறைந்த சம்பளத்தில், அடுத்த வருடம் வேலை உண்டா என்று தெரியாமல் நடத்துகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஃபைல் வேலை உங்களைத் தின்கிறது என்பதும் தெரியும். ஆனால் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். வாரவாரிப் பாடத் திட்டம் இருக்கிறது. இந்தப் பாடம் முடிந்தால் மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. டெஸ்ட் அட்டவணை இருக்கிறது. மார்க் எப்படிப் பிரிக்கப்படும் என்று இருக்கிறது. நாக் குழு வரும்போது காட்டுவதற்காக ஸ்பைரல் பைண்டிங் போட்டு, லேபிள் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். அகமதிப்பீடு வெளிப்படையாக நடக்கிறதா என்று நாக் கேட்கிறது. வெளிப்படையாக நடக்கிறது என்று நாம் எழுதிக் கொடுக்கிறோம். எழுதிய காகிதத்தை மாணவர் கண்ணில் காட்டுவதில்லை. உங்களைப் புதிதாக ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. பீரோவில் இருப்பதில் ஒரு பக்கத்தை வெளியே எடுத்து நகல் போட்டுக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்டர்னல் என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்பதையும் நாம் மறந்துவிட்டோம். வருடக் கடைசியில் முகம் தெரியாத ஒருவர் திருத்தும் ஒரே தேர்வை வைத்து ஒரு பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானிப்பது சரியில்லை, பாடம் நடத்துகிற ஆசிரியரே தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்று 1966ல் கோத்தாரி குழு சொன்னது. 1978ல் லயோலா, சென்னைக் கிறித்துவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றபோது அந்த நம்பிக்கையும் கூட வந்தது. நடுவழியிலேயே தவறு தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் அதன் உயிர். இன்றைக்குப் பல இடங்களில் அது எப்படி நடக்கிறது? டெஸ்ட் எழுதிய விடைத்தாள் திரும்ப வருவதில்லை. வந்தாலும் செமஸ்டர் முடிகிறபோது கையெழுத்து வாங்குவதற்காக ஒரு நிமிடம் காட்டப்படுகிறது. 25க்கு எத்தனை என்பது கடைசி நாள் வரை ரகசியம். திருத்திக்கொள்வதற்காக வந்த ஏற்பாடு, பயமுறுத்துவதற்கான பிரம்பாக மாறிவிட்டது.

உறவுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் வீட்டில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. ரத்தம் எடுத்துக்கொண்டு போன லேப், "ரிசல்ட்டை ஆறு மாதம் கழித்துத் தருகிறோம், அதுவரை நீங்களே ஊகித்துச் சாப்பிடுங்கள்" என்றால் சும்மா விடுவோமா? உடம்பு தன் சர்க்கரை அளவை நிமிடத்துக்கு நிமிடம் அறிந்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்கிறது, இதற்குப் பின்னூட்டம் என்று பெயர் என்று முதல் ஆண்டிலேயே நடத்துகிறோம். நடத்துகிற நாமே பிள்ளைகளுக்குப் பின்னூட்டம் கொடுப்பதில்லை.

சட்டமும் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் இருக்கிறது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சிபிஎஸ்இ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. திருத்தப்பட்ட விடைத்தாள் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு தகவல், எழுதிய மாணவருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு என்றது. பொதுத் தேர்வு எழுதிய பிள்ளை மனுப் போட்டுத் தன் தாளைப் பார்க்கலாம். நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்த ஆசிரியரிடம் தன் டெஸ்ட் பேப்பரைக் கேட்க முதலாண்டுப் பெண் பயப்படுகிறாள் என்றால் வெட்கப்பட வேண்டியது அவள் இல்லை.

வருகைப் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 180 நாள் பாடம் நடக்க வேண்டும் என்பது யுஜிசி விதி. ஒரு செமஸ்டருக்கு 90 நாள். அதில் 75 சதவீதம் வர வேண்டும். அதாவது 22 நாளுக்கு மேல் லீவு எடுத்தால் சிக்கல். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அதைச் சொல்லாமல், கடைசியில் தகப்பனாருக்கு இங்கிலீஷில் ஒரு எஸ்எம்எஸ் போகிறது. அவருக்கு அது படிக்கத் தெரியாது, மகளைத்தான் படித்துச் சொல்லச் சொல்வார். பதினெட்டு வயதில் ஓட்டுப் போடத் தகுதி வந்துவிடுகிறது. தன் வருகை எத்தனை நாள் என்று நேராகத் தெரிந்துகொள்ள மட்டும் தகுதி வரவில்லையா?

தெரியப்படுத்துவதில் இன்னொன்றும் இருக்கிறது. இது தேதி சம்பந்தப்பட்டது இல்லை, பாடம் சம்பந்தப்பட்டது. அந்தப் பெண்ணிடம் மியாசிஸ் என்றால் என்ன என்று கேட்டேன். விழித்தாள். குன்றல் பகுப்பு என்றால் என்னம்மா என்று கேட்டேன். குரோமோசோம் எண்ணிக்கை எப்படிப் பாதியாகிறது, குறுக்கே கலத்தல் எந்த நிலையில் நடக்கிறது என்று கடகடவென்று சொன்னாள். பிளஸ் டூவில் உயிரி-விலங்கியலும் உயிரி-தாவரவியலும் தமிழில் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவள். இரண்டும் ஒன்றுதான் என்று ஐந்து மாதமாக அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பாடம் தெரியும். அந்த ஊரில் அதற்கு என்ன பெயர் என்பதுதான் தெரியாது. முதல் வாரத்திலேயே இருநூறு சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தால் முடிந்துபோகிற விஷயம் இது.

இவ்வளவு பேசுகிறவள் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரியில், பொங்கல் லீவுக்கு முன்னால் அறிவித்த டெஸ்ட்டை என் வசதிக்காக ஒரு வாரம் முன்னால் மாற்றினேன். அப்போது வாட்ஸ்அப் கிடையாது. அட்டெண்டர் சர்க்குலர் கொண்டுவருவார், வகுப்பில் படிப்போம், கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். அவ்வளவுதான். அறுவடைக்காக ஊருக்குப் போயிருந்த ஒரு பையன் பழைய தேதிக்கு வந்து நின்றான். ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், அது இன்னும் நினைவிருக்கிறது. "எனக்குத் தெரியாதுங்க மேடம்" என்றான். "தெரிஞ்சு வெச்சிருக்கணும்ப்பா" என்றேன். அவன் வாக்குவாதம் செய்யவில்லை. பிப்ரவரியில் வரவில்லை. மார்ச்சில் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் நானே கோடு போட்டேன். ஏன் வரவில்லை என்று விசாரிக்கவில்லை. ஒரு போஸ்ட் கார்டுகூடப் போடவில்லை. என் டெஸ்ட்தான் காரணமா, வேறு கஷ்டமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை என்பதுதான் என் தப்பு.

நாற்பது வருடம் கழித்து அதே வாக்கியத்தை இந்தப் பெண் வாயால் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான். அதனால் பழைய காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நோட்டீஸ் போர்டு காலத்திலும் தப்பு நடந்தது. அன்றைக்குப் போர்டில் ஒட்டிவிட்டோம் என்று கை கழுவினோம், இன்றைக்குக் குரூப்பில் போட்டுவிட்டோம் என்று கை கழுவுகிறோம். வித்தியாசம் ஒன்றுதான். போர்டைப் பார்க்க மாலை நாலு மணி வரை நேரம் இருந்தது.

பாடம் நடத்துகிற என் மாணவர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். அடுத்த செமஸ்டர் தொடங்கும்போது இதைச் செய்யுங்கள். முதல் நாளே ஒரு தாள், தமிழிலும் இங்கிலீஷிலும். அதில் எந்த வாரம் எந்த யூனிட், டெஸ்ட் எந்தத் தேதி, 25 மார்க் எப்படிப் பிரிகிறது, பாஸுக்கு என்ன வேண்டும், எத்தனை நாள் லீவு எடுக்கலாம், எந்த நேரத்தில் உங்களை வந்து பார்க்கலாம் என்பது இருக்கட்டும். செய்முறைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். லேப் கோட்டும் ரெக்கார்டு நோட்டும் ஒரே நாளில் வாங்கச் சொன்னால் சில வீடுகளில் அது அந்த வாரத்து அரிசிக் காசு.

தேதி மாறினால் வகுப்பில் வாயால் சொல்லுங்கள், கரும்பலகையில் எழுதுங்கள், வராதவர்களுக்குப் பக்கத்துப் பெண்ணை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஞாபகப்படுத்துவதற்கு மட்டும். டெஸ்ட்டுக்கும் அறிவிப்புக்கும் இடையில் ஒரு வாரமாவது இருக்கட்டும். இரவில் அனுப்பிய செய்தியை வைத்து மறுநாள் காலை யாருக்கும் பூஜ்யம் போடாதீர்கள். விடைத்தாளைப் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். செமஸ்டர் நடுவில் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளைக்கும், இதுவரை இவ்வளவு மார்க், இவ்வளவு வருகை, இதில் கவனம் வேண்டும் என்று மூன்று வரி எழுதிய துண்டுச் சீட்டு கொடுங்கள். அறுபது பேருக்கு எழுத ஒரு சாயங்காலம் ஆகும். நான் பிற்காலத்தில் செய்திருக்கிறேன், செய்ய முடியும். யாராவது மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் ஏன் என்று கேளுங்கள். இது ஒன்றையாவது என் பொருட்டுச் செய்யுங்கள்.

உறவுகளே, உங்களுக்கு ஒன்று. பிள்ளை டெஸ்ட்டைத் தவறவிட்டு வந்து நின்றால் முதலில் திட்டாதீர்கள். எப்போது சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், விதி என்ன என்று கேளுங்கள். அந்த விதிப்புத்தகத்தை ஒரு தடவை நீங்களும் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் ஆளுக்கொரு ஃபோனும் வைஃபையும் இருப்பதை வைத்து ஊரை அளக்காதீர்கள்.

எலியட்ஸ் கடற்கரையில் மாணவர்களே நடத்துகிற ஆமைப் பொரிப்பகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1988லிருந்து நடக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரி ராத்திரி நடந்து முட்டைகளைச் சேகரித்து வந்து புதைக்கிறார்கள். ஒவ்வொரு குழி மேலும் ஒரு குச்சி நட்டு, என்றைக்கு எடுத்தது, எத்தனை முட்டை என்று எழுதி வைக்கிறார்கள். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரியும் என்பதால் எந்தக் குழியை எப்போது கவனிக்க வேண்டும் என்று அங்கே காவலுக்கு இருக்கிற பையனுக்கும் தெரியும். அந்தப் பெண் சொல்லித்தான் இதை நானே கவனித்தேன். "அங்க எல்லாத்துக்கும் தேதி எழுதியிருக்கும் மேடம், எனக்குத்தான் ஒண்ணும் எழுதித் தரல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் இப்போது மறுபடி கல்லூரிக்குப் போகிறாள். மறு டெஸ்ட் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். எழுதியது அவள், நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன். திங்கட்கிழமை துறைத் தலைவரைப் பார்க்கப் போகிறாள். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மேடம், நானே கேட்கிறேன் என்றாள். கொடுப்பார்களா என்று தெரியவில்லை. கொடுக்காவிட்டாலும் 75ல் 30 எடுக்க வேண்டும், அது எனக்குத் தெரியும் என்கிறாள்.

முதல் செமஸ்டர் செல் பயாலஜிக்கு அந்த ஒரு பக்கத் தாளையும், இரு மொழிச் சொற்பட்டியலையும் நான் தயார் செய்துகொண்டிருக்கிறேன். சொற்பட்டியலில் இதுவரை நூற்றுப் பத்து சொல் ஆகியிருக்கிறது. தாவரவியல்காரர்கள் உங்கள் பங்குக்குச் சேர்த்து அனுப்புங்கள். வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். பகல் நேரத்தில்தான் அனுப்புவேன்.